ஐம்பதைத் தாண்டியபின் ஃப்ரீஸ்டைல்: எங்கே தவறுகிறது, எப்படிச் சரிசெய்வது

கிணற்றில் நீந்தக் கற்றவர்களுக்கும், டாக்டர் சொல்லி ஐம்பது வயதுக்கு மேல் முதன்முதலாக நீச்சல் குளத்தில் இறங்கியவர்களுக்கும் ஃப்ரீஸ்டைலில் (குப்புறப் படுத்து, கைகளை மாற்றி மாற்றி வீசி நீந்தும் முறை) வரும் தொல்லைகள் ஏறக்குறைய ஒன்றுதான். மூச்சு முட்டும், கால் தாழும், தோள் வலிக்கும். எனக்கு இப்போது 63 வயது. முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு ஊர்க் கிணற்றில் நீச்சல் பழகியவன். குளத்தில் முறையாக ஃப்ரீஸ்டைல் கற்கத் தொடங்கியது 57 வயதில். கீழே இருக்கும் தொல்லைகளில் பாதி எனக்கே வந்தவை. மீதி, காலை ஆறு மணி பேட்ச்சில் என்னோடு நீந்துகிற நண்பர்களிடம் பார்த்தவை.

நீச்சலில் தொல்லை தெரியும் இடம் ஒன்று, அது பிறக்கும் இடம் இன்னொன்று. கால் தாழ்ந்தால் தலையைப் பார்க்க வேண்டும். தோள் வலித்தால் இடுப்பு பக்கவாட்டில் உருளுகிறதா என்று பார்க்க வேண்டும். தண்ணீர் காற்றைப்போல ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. அதனால் பலத்தைக் கூட்டிப் பெறும் வேகம் கொஞ்சம்தான், தடையைக் குறைத்துப் பெறும் வேகம் அதிகம். இந்த வயதில் பலத்தைக் கூட்டுவது சிரமம். தலையைச் சரியான இடத்தில் வைப்பது எல்லாராலும் முடியும். ஆகவே மூச்சு, தலை, உருளல், அப்புறம்தான் கை, கடைசியாகக் கால். உங்களுக்கு நாலு தொல்லை இருந்தால், இந்த வரிசையில் முதலில் வருவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அது சரியானதும் மற்றவற்றில் ஒன்றிரண்டு தானாகவே குறைந்திருக்கும்.

இதய நோய், ரத்தக் கொதிப்பு, சர்க்கரை இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். காவலுக்கு ஆள் இல்லாத குளத்தில் தனியாக இறங்க வேண்டாம்.

ஒரு லேப் (குளத்தின் ஒரு நீளம்) முடிவதற்குள் மூச்சு முட்டுகிறது

எல்லாரும் முதலில் சொல்வது இதுதான். "எனக்கு ஸ்டாமினா போதவில்லை" என்று அவர்களே முடிவும் கட்டிவிடுவார்கள். ஐந்து கிலோமீட்டர் வேகமாக நடக்க முடிகிற ஒருவருக்கு 25 மீட்டர் நீந்தியதும் மூச்சு முட்டினால், ஸ்டாமினா காரணமாக இருக்க முடியாது. மூச்சை வெளியே விடாததுதான் காரணம்.

"இப்போதே மூச்சு வேண்டும்" என்ற தவிப்பு, உடம்பில் ஆக்சிஜன் குறைவதால் உடனே வருவதில்லை. கார்பன் டை ஆக்சைடு சேர்வதால் வருகிறது. முகம் தண்ணீரில் இருக்கும்போது பயத்தில் மூச்சை அடக்கிக்கொள்கிறோம். தலையைத் திருப்பியதும் கிடைக்கிற அரை நொடிக்குள் பழைய காற்றை விடவும் வேண்டும், புதியதை இழுக்கவும் வேண்டும். இரண்டுக்கும் நேரம் போதாது. பாதி நிறைந்த குடத்தில் மேலும் ஊற்றுவதுபோல, மேலே கொஞ்சம்தான் இறங்கும். நாலைந்து முறை இப்படி நடந்தால் நெஞ்சு நிறையக் காற்று இருந்தும் மூச்சு முட்டும்.

இதைக் கரையிலிருந்தே கண்டுபிடிக்கலாம். முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது குமிழி வருகிறதா என்று ஒரு நண்பரைப் பார்க்கச் சொல்லுங்கள். எனக்குப் பார்த்துச் சொன்னவர் எங்கள் நீச்சல் மாஸ்டர், என் மகன் வயது இருக்கும். "அங்கிள், ஒரு குமிழிகூட வரலை" என்றார். நான் விட்டுக்கொண்டிருப்பதாகவே நினைத்திருந்தேன்.

நீந்தாமல் பழகுங்கள். நெஞ்சளவுத் தண்ணீரில் நின்று, வாயால் மூச்சு இழுத்து, முகத்தை உள்ளே விட்டு, "ம்ம்ம்" என்று மூக்கால் முனகிக்கொண்டே இருங்கள். முனகினால் காற்று தானாக, சீராக வெளியேறும். அடக்க நினைத்தாலும் முடியாது. மேலே வருவதற்குச் சற்று முன் மிச்சத்தை வாயால் "பூ" என்று ஊதிவிட்டு வாருங்கள். மேலே வந்ததும் காற்று தானாக உள்ளே பாயும். இழுக்கவே வேண்டாம். இப்படி 20 முறை, தினமும் நீந்தும் முன். நெஞ்சைச் சுற்றித் தண்ணீர் அழுத்திக்கொண்டிருப்பதால் முதல் சில நாள் இழுப்பதே பாரமாகத் தெரியும். ஒரு வாரத்தில் பழகிவிடும்.

மூன்று கைவீச்சுக்கு ஒருமுறை மூச்சு எடுப்பதுதான் சரி என்று சில இடங்களில் சொல்லித்தருவார்கள். இரண்டு பக்கமும் திரும்பப் பழக அது நல்லது. ஆனால் மூச்சு முட்டுகிறவர் அதைப் பிடித்துக்கொண்டு அவதிப்பட வேண்டியதில்லை. இரண்டு கைவீச்சுக்கு ஒருமுறை, ஒரே பக்கம் எடுங்கள். காற்றுதான் முக்கியம். நீந்தும் முன் வேகவேகமாக மூச்சிழுத்துவிட்டு நீருக்கடியில் தம் கட்டும் பழக்கத்தை மட்டும் அடியோடு விட்டுவிடுங்கள். எச்சரிக்கையே இல்லாமல் நினைவு தப்பிவிடும். நல்ல நீச்சல்காரர்களே அப்படி மூழ்கியிருக்கிறார்கள்.

சுவரைப் பிடித்து நின்று இரண்டு நிமிடம் ஆகியும் மூச்சு தணியவில்லை, நெஞ்சு இறுக்குகிறது, இடது கை அல்லது தாடை வலிக்கிறது என்றால் உடனே ஏறி உதவி கேளுங்கள். அது நீச்சல் முறையால் வருவதில்லை.

கால் தாழ்கிறது, மேட்டில் ஏறுவதுபோல இருக்கிறது

கிணற்றில் நீந்துகிறவர் தலையைத் தூக்கி வைத்துத்தான் நீந்துவார். படி எங்கே, மேலிருந்து எவன் குதிக்கிறான் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கிணற்றின் அகலத்துக்கு நாலு வீச்சு போட்டால் கரை வந்துவிடும். அங்கே அது சரி. அதே தலையோடு 25 மீட்டர் குளத்தில் இறங்கினால் இடுப்பும் காலும் தொங்கிவிடும்.

காரணம் எளிது. நுரையீரலில் காற்று இருப்பதால் மிதப்பு பெரும்பாலும் நெஞ்சில் இருக்கிறது. எடையோ இடுப்பை ஒட்டி இருக்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் இல்லாததால், சும்மா விட்டாலே கால் தாழும். தலை கிட்டத்தட்ட ஐந்து கிலோ இருக்கும். அதைத் தண்ணீருக்கு மேல் தூக்கினால் தராசின் மறுதட்டு இன்னும் இறங்கும். ஆண்களுக்கு, அதுவும் ஒல்லியானவர்களுக்கு, இது கூடுதலாகத் தெரியும்.

தலையைத் தூக்கி நீந்தி உலகப் புகழ் பெற்றவரும் உண்டு. பின்னாளில் டார்சானாக நடித்த ஜானி வைஸ்முல்லர், 1922-ல் 100 மீட்டரை 58.6 நொடியில் நீந்தினார். ஒரு நிமிடத்துக்குள் அதை முடித்த முதல் மனிதர் அவர். நெஞ்சும் தலையும் நீருக்கு மேலே எழும்ப நீந்துவார். அப்போது அவருக்கு 18 வயது, காலில் மோட்டார் மாதிரி உதை. நாம் அவர் நீந்துவதைப் பார்த்து எதையும் எடுத்துக்கொள்ள முடியாது.

ஒரு சோதனை: சுவரை உதைத்து, கையிரண்டையும் முன்னே நீட்டி, கண் நேரே கீழே தரையைப் பார்க்க, காலை அசைக்காமல் மிதந்து போங்கள். எவ்வளவு தூரம் போகிறீர்கள், எப்போது கால் இறங்கத் தொடங்குகிறது என்று கவனியுங்கள். அடுத்த முறை எதிர்ச்சுவரைப் பார்த்தபடி அதையே செய்யுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அங்கேயே புரிந்துவிடும்.

சரிசெய்ய: லேன் நடுவில் தரையில் ஓடும் கறுப்புக் கோட்டைப் பாருங்கள். உங்களுக்கு நேர் கீழே, மிஞ்சினால் ஒரு முழம் முன்னால். பின்னங்கழுத்தில் மடிப்பு விழக்கூடாது. எங்கள் மாஸ்டர் என் பின்னங்கழுத்தில் இரண்டு விரலை வைத்து, "இங்க சுருக்கம் இருக்கு பாருங்க அங்கிள், இது இருக்கிற வரைக்கும் கால் வராது" என்றார். விரலை அவர் எடுத்த பிறகும் அந்த இடத்தில் விரல் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு நீந்தினேன். எனக்கு வேலை செய்தது அந்த நினைப்புதான்.

அடுத்து, நெஞ்செலும்பைத் தண்ணீருக்குள் லேசாக அழுத்துங்கள். பந்தை ஒரு பக்கம் அமுக்குவது மாதிரி. இடுப்பு மேலே எழும்பும். மூச்சைச் சீராக விடுவதும் இதற்கு உதவும், ஏனென்றால் நெஞ்சு உப்பி இருக்கும்வரை முன்பக்கம் தூக்கிக்கொண்டே நிற்கும்.

தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொள்ளும் மிதவையான புல் பாய் குளத்தில் இருந்தால் ஒரு லேப் போட்டுப் பாருங்கள். அதோடு நீந்துவது மிகச் சுகமாக இருந்தால், உங்கள் தொல்லை சமநிலை, பலமல்ல என்று உறுதி. ஆனால் தினமும் அதோடே நீந்தினால் சமநிலை வரவே வராது. சோதனைக்கும், தோள் வலி நாளில் சற்று ஓய்வுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தொளதொள ஷார்ட்ஸ் போட்டு நீந்துகிறவர்கள் முதலில் அதை மாற்றுங்கள். பைக்குள் தண்ணீர் பிடித்துக் காலை இழுக்கிறது.

மூச்சு எடுக்கும்போது மட்டும் அமிழ்கிறது, வாயில் தண்ணீர் போகிறது

மற்ற நேரமெல்லாம் நன்றாகப் போகிறவர், மூச்சுக்குத் திரும்பியதும் மூழ்கினால், இரண்டு இடத்தைப் பாருங்கள்.

முதலாவது, முன்னே நீட்டிய கை. வலப்பக்கம் மூச்சு எடுக்கும்போது இடது கை முன்னால் நீண்டு இருக்க வேண்டும். பயத்தில் நாம் அந்தக் கையைக் கீழே அமுக்கி, அதன் பலத்தில் தலையைத் தூக்குகிறோம். ஒரு நொடி தலை எழும்பும், தாங்க ஒன்றும் இல்லாததால் உடனே அமிழும். கோச்சுகள் ஓயாமல் "கையை விடாதீங்க" என்று கத்துவது இதற்குத்தான். மேசை மேலிருக்கும் சர்க்கரை டப்பாவை எட்டி எடுப்பதுபோலக் கையை முன்னே நீட்டிக்கொண்டே மூச்சு எடுங்கள்.

இரண்டாவது, தலையைத் தூக்குவது. தூக்கக்கூடாது, உருள வேண்டும். தோளும் இடுப்பும் உருளும்போது தலையும் கூடவே போக வேண்டும். நீச்சல் கண்ணாடியில் ஒரு பக்கம் தண்ணீருக்குள்ளும் இன்னொரு பக்கம் வெளியிலும் இருந்தால் சரி. இரண்டு கண்ணுக்கும் மேற்கூரை தெரிந்தால் அதிகமாகத் திரும்பிவிட்டீர்கள். நகரும் தலைக்கு முன்னால் ஒரு சிறு அலை எழும்பி, கன்னத்தருகே பள்ளம் விழும். வாய் அந்தப் பள்ளத்தில் மூச்சு எடுக்கும். ஆனால் வேகமாக நீந்துகிறவர்களுக்குத்தான் பள்ளம் ஆழமாக விழும். நம் வேகத்துக்கு அது சிறியதாக இருக்கும். போட்டி வீரர்களின் வீடியோவைப் பார்த்து அவர்கள் அளவுக்கே திரும்பினால் தண்ணீரைத்தான் குடிப்போம். நாம் இன்னும் கொஞ்சம் கூடுதலாக உருள வேண்டும். உருளட்டும், தவறில்லை.

கழுத்துத் தேய்மானம் இருப்பவர்களுக்குக் கழுத்து அவ்வளவாகத் திரும்பாது. அவர்கள் கழுத்தை நம்பவே வேண்டாம். தொப்புள் பக்கச் சுவரைப் பார்க்கும் அளவுக்கு முழு உடம்போடு உருளுங்கள். பக்கவாட்டில் படுத்து, கீழ்க்கை முன்னே நீண்டிருக்க, மேல்கை தொடைமேல் இருக்க, மெல்ல உதைத்துப் போகும் பயிற்சிதான் இதற்கு மருந்து. ஃபின்ஸ் (காலில் மாட்டும் துடுப்பு) போட்டுக்கொண்டு செய்தால் மூழ்கும் பயம் இல்லாமல் கற்கலாம்.

நேரமும் முக்கியம். மூச்சு எடுக்கும் பக்கத்துக் கை பின்னே தள்ளி முடிக்கும்போதே தலை திரும்பத் தொடங்க வேண்டும். அந்தக் கை காற்றில் தோளைத் தாண்டும் முன் முகம் மறுபடி உள்ளே போய்விட வேண்டும். கை வெளியே வந்த பிறகு தலையைத் திருப்புகிறவர்களுக்கு எப்போதுமே மூச்சு அரைகுறைதான்.

தோள் வலி

இதை அலட்சியம் செய்து நீச்சலையே விட்டுவிட்ட இரண்டு பேரை எனக்குத் தெரியும். அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். நீந்தும்போது வலிக்கிறது, அன்று மாலைக்குள் போய்விடுகிறது என்றால் முறையைத் திருத்தலாம். இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை, சட்டை போடக் கை தூக்க முடியவில்லை என்றால் நீச்சலை நிறுத்திவிட்டுப் பிசியோதெரபிஸ்ட்டிடம் போங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போகும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். நீந்தி நீந்தி அதைச் சரிசெய்ய முடியாது.

முறையில் வரும் வலிக்கு மூன்று காரணங்களைப் பார்க்கிறேன். கை தண்ணீரில் நுழையும்போது கட்டைவிரல் முதலில் நுழைகிறதா? பழைய முறையில் அப்படிச் சொல்லித்தந்தார்கள். உள்ளங்கை வெளிப்பக்கம் பார்க்க, கட்டைவிரல் முதலில் இறங்கினால், மேல்கை எலும்பு உட்பக்கம் திருகி, தோளெலும்புக்கு அடியில் ஓடும் தசைநாரை நெரிக்கும். இருபது வயதில் தாங்கும். அறுபதில் அதே தசைநார் தேய்ந்து இருக்கும். உள்ளங்கை தரையைப் பார்க்க, நடுவிரல் முதலில் நுழையட்டும்.

அடுத்து, கை தலைக்கு முன்னால் நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் போகிறதா? உங்களுக்கு முன்னால் ரயில் தண்டவாளம் போட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வலத் தோளுக்கு நேரே ஒன்று, இடத் தோளுக்கு நேரே ஒன்று. அந்தந்தக் கை அதனதன் தண்டவாளத்தில் இறங்க வேண்டும். நமக்கு நேராக இருப்பதுபோலத் தெரிவது உண்மையில் உள்ளே வந்திருக்கும். அதனால் "ரொம்ப அகலமாகப் போடுகிறேனே" என்று தோன்றும் அளவுக்கு அகலமாகப் போடுங்கள்.

மூன்றாவதுதான் பெரியது. உடம்பு தட்டையாகவே கிடந்தால், கையைப் பின்னாலிருந்து முன்னே கொண்டுவர முழங்கையை முதுகுக்குப் பின்னே ஏற்ற வேண்டியிருக்கும். தோள் மூட்டு அதற்கு இடம் தராது. உடம்பு உருண்டால், அந்தப் பக்கத் தோள் தானாகவே வெளியே வந்துவிடும், கை சுலபமாக முன்னே விழும். முழங்கையை உயர்த்தி வளைத்துக் கொண்டுவருவதுதான் அழகு என்று கட்டாயப்படுத்திக்கொள்ள வேண்டாம். தோள் இறுகிய ஒருவர் கையைக் கொஞ்சம் நீட்டி, அகலமாக, காற்றில் சும்மா வீசிக் கொண்டுவந்தாலும் ஒரு குறையும் இல்லை. கையில் மாட்டும் தட்டையான பேடில்ஸ் மட்டும் இந்த வயதில் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அதன் சுமை முழுவதும் தோளில்தான் இறங்குகிறது.

கையை வேகமாக வீசியும் நகரவில்லை

25 மீட்டருக்கு எத்தனை முறை கை நுழைகிறது என்று எண்ணுங்கள். நான் முதலில் எண்ணியபோது 34. இப்போது 24. கையின் வேகத்தைக் கூட்டி இது குறையவில்லை, குறைத்தே குறைந்தது.

தண்ணீர் கையில் வழுக்குகிறது என்றால் முழங்கை தாழ்ந்து முன்னே போகிறது என்று அர்த்தம். அப்போது முழங்கை தண்ணீரைக் கிழிக்கும், உள்ளங்கை தண்ணீரைத் தடவும், இரண்டும் உங்களைத் தள்ளாது. ஒலிம்பிக் நீச்சல் வீரர் மார்க் ஸ்பிட்ஸுக்குப் பயிற்சி கொடுத்த ஜேம்ஸ் கௌன்சில்மன், நல்ல நீச்சல்காரர்களை நீருக்கடியில் படம் பிடித்துப் பார்த்தபோது, அவர்கள் கையைத் துடுப்பு மாதிரி விறைப்பாக இழுக்காமல் முழங்கையை மடித்தே இழுப்பது தெரிந்தது. அவரே 1979-ல், தம் 58-ஆம் வயதில், இங்கிலீஷ் கால்வாயை நீந்திக் கடந்தவர்.

கையை நீட்டிய பிறகு அவசரப்படாமல், விரல்நுனியைக் கீழே சாய்த்து, முழங்கையை விரல்களுக்கு மேலேயே வைத்து, முன்கை முழுவதையும் ஒரு பலகையாக நினைத்துப் பின்னால் தள்ளுங்கள். நெஞ்சு உயரத் தொட்டியின் விளிம்பைப் பிடித்து ஏறும்போது கை எப்படி மடிகிறதோ, அப்படி. கைவிரல்களை மடக்கி மூடிக்கொண்டு அரை லேப், விரித்து அரை லேப் என்று நீந்திப் பாருங்கள். மூடியிருக்கும்போது முன்கை வேலை செய்யக் கற்றுக்கொள்ளும். விரித்ததும் கையில் தண்ணீர் கெட்டியாகப் பிடிபடும். அந்த உணர்வு ஒருமுறை வந்துவிட்டால் மறக்காது.

நீந்தும்போது ஒரே பக்கம் இழுத்து லேனைப் பிரிக்கும் கயிற்றில் மோதுகிறவர்களுக்கும் கை நடுக்கோட்டைத் தாண்டுவதுதான் காரணம். மேலே சொன்ன தண்டவாளமே போதும்.

உதைக்கிறேன், கால் வலிக்கிறது, இடத்தைவிட்டு நகரவில்லை

கிக் போர்டை (மிதக்கும் பலகை) பிடித்து உதைத்தால் சிலர் பின்னால்கூடப் போவார்கள். தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, பாதத்தை முன்னே நீட்டிப் பாருங்கள். கணுக்கால் இறுகி, பாதம் நீளாமல் நிமிர்ந்தே நின்றால், தண்ணீரிலும் அது கொக்கி மாதிரிதான் நிற்கும். உதைக்க உதைக்கத் தண்ணீரை முன்னால் தள்ளும். பல வருடம் ஷூவிலேயே நடந்தவர்களுக்கும் ஓடுகிறவர்களுக்கும் இது சகஜம். முழங்கால் நலமாக இருப்பவர்கள் தினம் இரண்டு மூன்று நிமிடம் வஜ்ராசனத்தில் உட்காருங்கள். முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை செய்தவர்கள், முட்டி வலி உள்ளவர்கள் அது வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து, பாதத்தின் மேற்புறத்தைத் தரையில் அழுத்தி நீட்டுங்கள்.

அப்புறம், சைக்கிள் மிதிப்பதுபோல முட்டியை மடிக்காமல் இடுப்பிலிருந்து உதையுங்கள். அதிகம் உதைக்கவும் வேண்டாம். தொடை பெரிய தசை, ஆக்சிஜனை விழுங்கும், பதிலுக்குத் தரும் தள்ளுதல் கொஞ்சம். ஒவ்வொரு கைவீச்சுக்கும் ஒரு உதை போதும். இடது கை நுழையும்போது வலது கால் உதைத்தால் உடம்பு உருளவும் அது துணை செய்யும்.

கெண்டைக்கால் குரக்கு வலி பிடித்தால் நின்று, சுவரில் முன்பாதத்தை ஊன்றி, முட்டியை நீட்டிக் கால்விரல்களை உங்கள் பக்கம் இழுங்கள். விரலை விறைப்பாக நீட்டிக்கொண்டு உதைப்பதும், தண்ணீர் குடிக்காமல் வருவதும்தான் பெரும்பாலும் காரணம். குளத்துக்குள் இருந்தாலும் வியர்க்கும்.

கரையேறியதும் தலை சுற்றுகிறது

கழுத்தளவுத் தண்ணீரில் இருக்கும்போது, தண்ணீரின் அழுத்தம் காலில் உள்ள ரத்தத்தை நெஞ்சுக்கு ஏற்றிவிடுகிறது. சிறுநீர் முட்டுவதும் அதனால்தான். ஏணியில் ஏறி வெளியே வந்ததும் அந்த அழுத்தம் சட்டென்று போய்விடும், ரத்தம் காலுக்கு இறங்கும், கண் இருட்டும். ரத்தக் கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது கூடுதலாக வரலாம். கடைசி இரண்டு லேப்பை மெதுவாக நீந்துங்கள். ஆழம் குறைந்த பக்கத்தில் ஒரு நிமிடம் நடந்துவிட்டு ஏறுங்கள், ஏறியதும் விளிம்பிலேயே கொஞ்சம் உட்காருங்கள். அடிக்கடி வந்தால் மாத்திரை எழுதித்தந்த டாக்டரிடம் சொல்லுங்கள்.

மாதக்கணக்கில் நீந்தியும் அப்படியே இருக்கிறது

சோர்வோடு இருபது லேப் நீந்தினால், கடைசிப் பதினைந்தில் தவறான முறையைத்தான் மனப்பாடம் செய்கிறோம். நான் ஒரு வருடம் இப்படிப் போக்கினேன். இப்போது செய்வது: மூச்சுப் பயிற்சி ஐந்து நிமிடம், சுவரை உதைத்து மிதத்தல் பத்து முறை, பக்கவாட்டு உதை நாலு லேப். பிறகு 25 மீட்டராக எட்டு முறை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூச்சு முழுதும் தணியும்வரை நிற்பேன். அந்த எட்டிலும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் கவனிப்பேன். இன்று பின்னங்கழுத்து என்றால் இன்று முழுக்கப் பின்னங்கழுத்து. கைவீச்சு எண்ணிக்கை வழக்கத்தைவிட இரண்டுக்கு மேல் கூடியதும் அன்றைக்கு நிறுத்திவிடுவேன், எத்தனை லேப் பாக்கி இருந்தாலும் சரி.

மாதம் ஒருமுறை, குளத்தில் அனுமதி இருந்தால், யாரையாவது கரையில் நடந்துகொண்டே பக்கவாட்டில் செல்போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். ஒரு லேப் போதும். மூச்சு எடுக்காத வீச்சில் ஒரு இடத்தில் படத்தை நிறுத்தி, பின்னந்தலையும் இடுப்பும் குதிகாலும் நீர்மட்டத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். மூச்சு எடுக்கும் வீச்சில் நிறுத்தி, முன்னே நீட்டிய கை இன்னும் முன்னால் இருக்கிறதா என்று பாருங்கள். சென்ற மாத வீடியோவை அழிக்காமல் வைத்திருங்கள், அதையும் பக்கத்தில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.